பழைய ரைபிளுக்குக் கேட்கும் விலை நியாயமா? புதிதாகச் சேகரிக்கிறவர்களுக்கான படிகள்

பழைய ரைபிள் சேகரிக்கத் தொடங்குகிறவர்களை இரண்டு விஷயங்கள் ஏமாற்றும்: வயதும் பளபளப்பும். ரஷ்ய ராணுவத்தின் மோசின் நாகான்ட் ரைபிள்கள் கோடிக்கணக்கில் தயாரானவை. அவற்றில் சாதாரணமான ஒன்றுக்கு எவ்வளவு வயதானாலும் விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. தொழிற்சாலையிலிருந்து, அல்லது ராணுவத்திலிருந்து, வெளியே வந்த நிலையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதற்குத்தான் சேகரிப்பாளர்கள் பணம் கொடுக்கிறார்கள். அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

கையில் எடுத்ததும் முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்புங்கள். மெகசினைக் காலி செய்து, போல்ட்டை (கைப்பிடியோடு முன்னும் பின்னும் நகரும் அடைப்பான்) திறந்து, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா இல்லை என்று நீங்களே பாருங்கள். "காலிதாங்க" என்று விற்பவர் சொன்னாலும் சரி. அப்புறம் உரிமம்: பழசு என்பதால் மட்டும் எல்லா நாட்டிலும் விலக்கு கிடையாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 அல்லது அதற்கு முன் தயாரானவை தொல்பொருளாகக் கருதப்படும். அதனால் அங்கே ஒரே மாடலில்கூட 1899க்கு முந்தையதற்குக் கூடுதல் கிராக்கி உண்டு.

படி 1: எந்த ரைபிள் என்று துல்லியமாகக் கண்டுபிடியுங்கள்

"மவுசர்" என்பது போதாது. "கே98கே" (இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் ராணுவ மவுசர்) என்பதும் பாதி பதில்தான். ரிசீவரின் (குழல் பொருந்தும், போல்ட் ஓடும் உலோக உடல்) மேல் தொழிற்சாலைக் குறியீடும் வருடமும் இருக்கும். "பிஒய்எஃப் 44" என்றிருந்தால் ஓபர்ன்டார்ஃபில் உள்ள மவுசர் ஆலையில் 1944இல் செய்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு எஸ்எம்எல்இ என்றால் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, வலது பக்க உலோகப் பட்டையில் கிரீடம், ஆலை, வருடம், மார்க் எண் எல்லாம் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு விலையும் உண்டு. வின்செஸ்டர் மாடல் 70இன் வடிவமைப்பு 1964இல் மாறியது. அதற்கு முந்தையதைத்தான் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். முத்திரைகள் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எண்களைப் பாருங்கள், அவசரமில்லாமல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. கே98கே போன்றவற்றில் ரிசீவர், குழல், போல்ட், டிரிகர் கார்டு (விசையைச் சுற்றியுள்ள வளைவு), குழலை மரப்பகுதியோடு பிடிக்கும் வளையங்கள் என்று பல பாகங்களில் முழு எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ பொறித்திருக்கும். எல்லாம் பொருந்தினால் விலை கணிசமாக ஏறும். போல்ட் மட்டும் வேறாக இருந்தாலே இறங்கும்.

ஆனால் பொருந்துவது மட்டும் போதாது, எப்போது பொருந்தியது என்றும் கேட்க வேண்டும். சோவியத் ராணுவம் கைப்பற்றிய கே98கே ரைபிள்களைப் போருக்குப் பின் பிரித்து, சுத்தம் செய்து, கிடைத்த பாகங்களைச் சேர்த்து மறுபடி பூட்டினார்கள். பல பாகங்களில் புதிதாக எண் போட்டார்கள், சிலவற்றில் மின்பேனாவால் கிறுக்கியதுபோல. ரிசீவரில் எக்ஸ் குறி, கட்டையில் (ரைபிளின் மரப்பகுதி) செந்நிற ஷெல்லாக் (அரக்கு) மெருகு இருந்தால் அந்த வகை என்று சந்தேகிக்கலாம். அதுவும் நல்ல ரைபிள்தான், ஆனால் வேறு விலை. எண்களின் எழுத்து வடிவம், அளவு, ஆழம் ஒன்றுபோல இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்க ராணுவத்தின் எம்1 காரண்ட் கதையே வேறு. அதில் தொடர் எண் ரிசீவரில் மட்டும்தான். மற்ற பாகங்களில் இருப்பவை வரைபட எண்கள், அதாவது அந்தப் பாகத்தின் வடிவமைப்பு வரைபடத்தின் எண்கள். "எல்லா நம்பரும் மேட்ச்" என்று ஒருவர் காரண்டை விற்றால், அவருக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். காலத்துக்குப் பொருத்தமான பாகங்கள் இருப்பதாகச் சொன்னாலும், அவை ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்தவையா, பிறகு தேடிச் சேர்த்தவையா என்று நேராகக் கேளுங்கள்.

படி 3: புதுசுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்

உலோகத்தின் கருநீலப் பூச்சை, அதாவது ப்ளூயிங்கை, யாரோ பிறகு புதுப்பித்திருந்தால் தடயம் இருக்கும். கூர்மையாக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும், எழுத்துகள் மங்கியிருக்கும், திருகு ஓட்டைகளின் ஓரம் குழிந்திருக்கும். கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் மரம் உலோகத்தைவிடத் தாழ்ந்து தெரியும், ஆய்வு முத்திரைகள் காணாமல் போயிருக்கும். கீறலும் எண்ணெய்க் கறையுமாக, முத்திரை தெளிவாக இருக்கும் கட்டையைத்தான் நான் எடுப்பேன்.

இதைவிடப் பெரிய சேதம், ராணுவ ரைபிளை வேட்டைக்கு ஏற்ப மாற்றியது. கட்டையின் முன்பகுதியை வெட்டியிருப்பார்கள், தொலைநோக்கி மாட்ட ரிசீவரில் ஓட்டை போட்டிருப்பார்கள். அப்படிப்பட்டது பெரும்பாலும் முழு ரைபிளின் விலையில் பாதிகூடப் போகாது. புதுக் கட்டை மாட்டலாம், ஓட்டையை அடைத்தால் தெரியும்.

படி 4: குழலுக்குள்ளே

விளக்கடித்துப் பாருங்கள். அந்தக் காலத் தோட்டாக்களின் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) உப்பைக் கக்கும்; சுத்தம் செய்யாவிட்டால் உள்ளே அரித்துக் குழி விழும். சுடவும் உத்தேசம் என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) அளக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 1903 மாடலில் 800,000க்குக் கீழே எண் உள்ள ரிசீவர்கள் சூடேற்றிப் பதப்படுத்திய முறையால் உடையக்கூடியவை என்று பெயர் வாங்கியவை. சுடும் துப்பாக்கிக்கான விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

படி 5: கதைக்குக் காகிதம் கேளுங்கள்

தாத்தா போர்க்களத்திலிருந்து கொண்டுவந்தது என்ற கதைக்கு, அந்த எண் குறித்த ராணுவ அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால், ஒரு காசும் கூட்டாதீர்கள். பழைய வின்செஸ்டர் பலவற்றுக்கு அமெரிக்காவில் கோடி (Cody) என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் ஆலைப் பதிவேடுகள் உள்ளன. எண்ணைக் கொடுத்துக் கடிதம் வாங்கலாம்.

ஸ்னைப்பர் ரகத்தில் போலி அதிகம். லீ என்ஃபீல்டு நம்பர் 4(டி) என்றால் ரிசீவரின் இடப்பக்கம் "டிஆர்" முத்திரையும், கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண்ணும் இருக்கிறதா, அந்த எண் மாட்டியிருக்கும் தொலைநோக்கியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஜப்பானிய ராணுவ ரைபிளான அரிசாக்காவில் ரிசீவர் மேல் சாமந்திப் பூச் சின்னம் இருக்கும். ஜப்பான் சரணடைந்தபோது பலவற்றில் அதைத் தேய்த்து அழித்துவிட்டார்கள். அழியாமல் இருப்பதற்கு விலை அதிகம்.

படி 6: இப்போது விலை

விளம்பரங்களில் கேட்கும் விலையை விட்டுவிடுங்கள், அது ஆசை. விற்று முடிந்த விலைகளை எடுங்கள். அதே மாடல், அதே ஆலை, ஏறக்குறைய அதே நிலை, கடந்த ஓராண்டுக்குள் ஐந்தாறு விற்பனை கிடைத்தால் போதும். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்குங்கள். ஏல விலை என்றால், வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுத்த கமிஷன் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சில பட்டியல்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் இருக்காது.

அப்படி வந்த நடுவிலையை 100 என்று வையுங்கள். போல்ட் எண் வேறு என்றால் நான் 80க்கு இறங்குவேன். கட்டையும் தேய்த்தது என்றால் 65. இது என் கணக்குதான், சட்டமல்ல. அரிதான மாடலில் இவ்வளவு கழிக்க விற்பவர் விடமாட்டார். பெயோனெட் (குழல் முனையில் மாட்டும் கத்தி), தோளில் மாட்டும் வார் போன்றவற்றைத் தனியே விலை பார்த்துக் கூட்டுங்கள்.

கட்டையைக் கழற்றி அடிப்பக்கம் பார்க்கலாமா என்று கேளுங்கள், கழற்றுவதை விற்பவரே செய்யட்டும். துருவும் வெடிப்பும் ஒளிந்திருப்பது அங்கேதான். விடமாட்டேன் என்றால், பார்க்காத பகுதியில் துரு இருப்பதாகவே வைத்து விலை சொல்லுங்கள்.