இடுப்புக்கும் ரேஞ்சுக்கும் ஒரே பிஸ்டல்: திருகாணியையும் பாருங்கள்

திருகோணமலையில் பிஸ்டல் என்று சத்தமாகச் சொன்னால் இன்றைக்கும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அழைத்து, "மாமா, ரெட் டாட் பூட்டக்கூடிய சின்னப் பிஸ்டல் ஒன்று வாங்கப்போறன், எது நல்லது?" என்று கேட்டபோது, நான் பட்டறையிலிருந்து எழும்பி உப்புவெளிக் கடற்கரைக்குப் போய்த்தான் பதில் சொன்னேன். ரெட் டாட் என்பது பிஸ்டலின் மேல் பூட்டும் சின்னக் குறிக் கருவி, அதன் லென்ஸில் ஒரு ஒளிப் புள்ளி தெரியும்.

எனக்குத் தொழில் போட் எஞ்சின் திருத்துவது. டெக்சாஸில் கால்வெஸ்டன் வளைகுடாக் கரையில் 14 வருடம் அதே வேலைதான். அங்கே இரண்டு பிஸ்டல் வைத்திருந்தேன். ஊருக்கு வருமுன் இரண்டையும் விற்றுவிட்டேன். இங்கே 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் தொடவே முடியாது. ஆகவே இது அங்கே சட்டப்படி வாங்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

முதல் கேள்வி விசா. எச்-1பி வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் அமெரிக்கச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. வேட்டை உரிமம் போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு, அவற்றை வழக்கறிஞரிடம் கேளுங்கள். மருமகனுக்குக் கிரீன் கார்ட் வந்துவிட்டது, அவனுக்குப் பிரச்சினை இல்லை. கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதுக்காரர் அனுமதி அட்டை இல்லாமலே இடுப்பில் வைக்கலாம். ஆனால் எல்லை தாண்டினால் அந்தச் சட்டம் கூட வராது. கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற இடங்களில் 10 ரவைக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கே, அதாவது பிடிக்குள் செருகும் ரவைக் கூட்டுக்கே, தடை.

இனி அளவு. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது மிகச் சின்னதாகத்தான் இருக்கும். 2018இல் வந்த சிக் பி365 உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பில் 10 ரவை பிடித்தது. அதன் பிறகு எல்லாக் கம்பனிகளும் அந்த வழியில் ஓடின. இடுப்பில் இருப்பதே தெரியாது, உண்மைதான். ஆனால் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், 150 ரவை சுட்டுப் பாருங்கள். சின்ன வள்ளத்தில் பெரிய எஞ்சின் பூட்டின மாதிரி கைக்குள் துள்ளும், பெருவிரல் அடியில் எரியும். அடுத்த சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போக மனம் வராது. பழகாத பிஸ்டலை இடுப்பில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மறுபக்கம் குளோக் 19. 1988இலிருந்து இருக்கிறது, 102 மில்லிமீட்டர் குழல், 15 ரவை. சுடுவதற்குச் சுகம். நிரப்பினால் 850 கிராம் அளவில் வரும். ஒரு நாள் முழுக்கக் காருக்குள் இருந்து எழும்பினால் இடுப்பு சொல்லும். இரண்டுக்கும் நடுவில் குளோக் 43எக்ஸ், பி365எக்ஸ்எல் போன்றவை. பிடி விரல் முழுக்கக் கொள்ளும் நீளம், உடம்பு மெலிவு. இரண்டு வேலைக்கும் ஒன்றுதான் என்றால் நான் இந்த நடு வகையைத்தான் சொல்வேன். கை பெரியவர்கள், ரேஞ்சுக்கே அதிகம் போகிறவர்கள் குளோக் 19 எடுக்கட்டும். ஹூஸ்டன் ரேஞ்சுகளில் வாடகைக்குத் தருவார்கள்: இரண்டு மூன்றை எடுத்து ஒவ்வொன்றிலும் 50 ரவை சுடுங்கள். 5 ரவையில் எல்லாப் பிஸ்டலும் நல்ல பிஸ்டல்தான். ரவை 9 மில்லிமீட்டரே போதும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்னொன்று: சட்டைக்கு வெளியே துருத்திக் காட்டிக்கொடுப்பது குழல் அல்ல, பிடியின் அடிப்பக்கம். மேலே பூட்டும் ரெட் டாட் அவ்வளவாகத் தெரியாது.

ரெட் டாட் ஏன் என்று அக்கா கேட்டாள். எனக்கு 50 தாண்டியதும் முன் குறி மங்கத் தொடங்கியது. வாசிக்கும் கண்ணாடி போட்டால் குறி தெரியும், இலக்கு தெரியாது. ரெட் டாட்டில் கண் இலக்கிலேயே நிற்கும், புள்ளி அதன் மேல் வந்து உட்காரும். புள்ளியின் அளவை எம்ஓஏ என்ற கோணக் கணக்கில் சொல்வார்கள். 25 யார் தூரத்தில் 3 எம்ஓஏ புள்ளி இரண்டு சென்டிமீட்டரை மறைக்கும், 6 எம்ஓஏ நான்கை. ரேஞ்சில் கடதாசி இலக்குக்குச் சின்னது நல்லது. சட்டென்று கண்ணில் படப் பெரியது நல்லது. புள்ளி வட்டமாக இல்லாமல் வால்வெள்ளி போலத் தெரிந்தால் கடைக்காரருடன் சண்டை போடாதீர்கள். போன் கேமராவால் பாருங்கள். கேமராவில் வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில், ஆஸ்டிக்மாட்டிசம். வெளிச்சத்தைக் குறைத்தால் பாதி சரியாகும்.

"ஆப்டிக் ரெடி", அதாவது ரெட் டாட் பூட்டத் தயார், என்று பெட்டியில் எழுதியிருந்தால் எல்லா ரெட் டாட்டும் பொருந்தும் என்று நினைத்துத்தான் பலர் காசை விடுகிறார்கள். யமஹா எஞ்சினின் புரொப்பெல்லரைச் சுசுக்கியில் மாட்டுவீர்களா? இதுவும் அப்படித்தான். ஸ்லைடின், அதாவது சுடும்போது பின்னே போய் வரும் மேல்பகுதியின், மேல் வெட்டிய குழியில் குமிழ்களும் திருகாணித் துளைகளும் எங்கே இருக்கின்றன என்பதற்கு வேறு வேறு அமைப்புகள் உண்டு. ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் அமைப்பு பெரிய பிஸ்டல்களுக்கு. ஹோலோசன் கம்பனியின் 507சி ரெட் டாட் இதில் உட்காரும். ஷீல்ட் ஆர்எம்எஸ்சி அமைப்பு மெலிந்தவற்றுக்கு. குளோக்கில் எம்ஓஎஸ் என்றால் ரெட் டாட்டுக்கு வெட்டிய வகை. குளோக் 19 எம்ஓஎஸ் இடைத்தகடு வைத்து வேலை செய்யும். 43எக்ஸ் எம்ஓஎஸ் ஆர்எம்எஸ்சி அமைப்பு. ஆனால் ஹோலோசன் 507கே அதில் நேரே உட்காராது, பின் குமிழ்கள் இடிக்கும். ராவ வேண்டும் அல்லது தகடு வேண்டும். அதே 507கே பி365எக்ஸ்எல்லில் நேரே உட்காரும். ஆகவே இரண்டையும் சோடியாகத் தேர்ந்தெடுங்கள், தகடு இல்லாமல் உட்காரும் சோடி கிடைத்தால் அதையே எடுங்கள். இடையில் ஒரு துண்டு கூடினால் தளர ஒரு இடம் கூடும்.

நான் பட்டது திருகாணியில். 43எக்ஸுக்கு வந்த சின்னத் திருகாணி ஒன்றைத் தொலைத்துவிட்டு, எஞ்சின்காரன் திமிரில் பட்டறைப் பெட்டியிலிருந்து அதே புரியுள்ள இன்னொன்றைப் பூட்டினேன். ஒரு நூல் நீளம் கூட. வலப்பக்கத் துளைக்குக் கீழேதான் எக்ஸ்ட்ராக்டரை, அதாவது சுட்ட கோதை இழுத்தெடுக்கும் கொக்கியை, அழுத்தும் ஊசி ஓடுகிறது. திருகாணி நுனி அதைப் பிடித்துக்கொண்டது. சுட்ட வெற்றுக் கோது வெளியே வராமல் மூன்று தரம் சிக்கியது. பிஸ்டலைத் திட்டினேன், ரவையைத் திட்டினேன், கடைசியில் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி நான்.

பூட்டும்போது முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அறைக்குள் ரவை இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், ரவைப் பெட்டியை அடுத்த அறையில் வையுங்கள். துளையின் எண்ணெயை ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். திருகாணி தளராமல் பிடிக்கும் பசை, நீல லாக்டைட், ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற அழுவீர்கள். இறுக்கத்தைக் கையால் மதிப்பிடாதீர்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் திருகி வேண்டும். ஆர்எம்ஆருக்கு 12 அங்குல-பவுண்ட், மற்றவற்றுக்குக் கையேட்டில் உள்ளது. ஒரு இரவு காயவிட்டு, திருகாணித் தலையிலிருந்து உடம்பு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு முறிந்தால் திருகாணி அசைந்திருக்கிறது. போட் எஞ்சினுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன். அதிர்வுக்கு எந்த எஞ்சின் என்ற பேதம் இல்லை.

பற்றரி பக்கவாட்டில் மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. பழைய ஆர்எம்ஆரில் பற்றரி அடியில் இருக்கும், மாற்றக் கழற்றியே ஆக வேண்டும், திரும்பச் சுட்டுக் குறி சரிபார்க்க வேண்டும். இடுப்பில் பஞ்சும் வியர்வையும் சேரும். திறந்த வகையில் ஒளி புறப்படும் இடத்தில் ஒரு துளி நீர் விழுந்தாலே புள்ளி சிதறும், மூடிய வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கண்ணாடி மூடு பனி எல்லாவற்றுக்கும் உண்டு. ஏசி வங்கிக்குள்ளிருந்து வெளியே வந்தால் நம் மூக்குக்கண்ணாடி வெளுக்கிறதே, ஹூஸ்டன் வெயிலில் காரை விட்டு இறங்கினாலும் அதுதான். அதற்காகவே இரும்புக் குறிகளும் லென்ஸ் வழியாகத் தெரிய வேண்டும்.

உறை ரெட் டாட்டுக்கு வெட்டியதாக, விசையை முழுதாக மூடுவதாக, கெட்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். நல்ல பெல்ட்டும் வேண்டும். சாரத்தில் செருகுகிற சாமான் இல்லை இது. வீட்டில் பிள்ளை இருந்தால் பூட்டுப் பெட்டி கட்டாயம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும் இடத்தில் நிரப்பிய துப்பாக்கியை விடுவது டெக்சாஸில் குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் அக்கா விடமாட்டாள்.

முதல் இரண்டு கிழமை வெறும் பிஸ்டலை உயர்த்திப் புள்ளியைத் தேடிப் பழகச் சொன்னேன். புள்ளி காணவில்லை என்றால் அனேகமாகப் பிஸ்டலின் மூக்கு மேலே தூக்கியிருக்கும், சற்றே தாழ்த்தினால் வந்துவிடும்.

போன கிழமை படம் அனுப்பினான். பி365எக்ஸ்எல், 507கே. இரண்டு திருகாணித் தலையிலும் வெள்ளைக் கோடு. இடது கோடு நேர், வலது கோடு ஒரு மயிரளவு முறிந்திருந்தது. "லாக்டைட் போட்டியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான்.

"ஒன்றுக்குத்தான் காணுமாயிருந்தது மாமா."