சுண்டுவிரல் மரத்துப்போனதற்குக் காரணம் மேசை விளிம்பு

கணக்கு எழுதும் வேலை எனக்கு. சாயங்காலமானால் இடது சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். பாதி என்றால், சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் மட்டும்.

மணிக்கட்டுப் பட்டை போட்டேன், பலனில்லை. கீபோர்டுக்கு முன்னால் மெத்தை வைத்தேன், ம்ஹூம். ஆபீசில் நாற்காலியை மாற்றித் தந்தார்கள். முதுகுக்குச் சுகம், விரல் அப்படியேதான். பி12 மாத்திரையும் தின்றாயிற்று.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் அந்தப் பாதி விரலைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டின் நடுவில் ஓடும் நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் மரக்கும். சுண்டுவிரல் பக்கம் என்றால் அல்நார் நரம்பு. பெரும்பாலும் முழங்கையில்தான் சிக்கல். இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த இடத்தில் அது தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது.

மறுநாள் கவனித்தால், வலது கை எண்களைத் தட்ட, இடது முழங்கை கண்ணாடி மேசையின் கூரான விளிம்பில் ஊன்றியபடி ரசீதைப் பிடித்திருக்கிறது. நாள் முழுக்க! போதாததற்கு, அதே கையை மடித்து போன் பேச்சு வேறு.

ரசீதுகளைத் திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் சாய்த்து நிறுத்தினேன். பழைய பரீட்சை அட்டையே போதும். போனுக்கு இயர்போன். தூக்கத்தில் கை மடங்காமலிருக்க முழங்கையில் துண்டு சுற்றிக்கொண்டேன். முதலில் மோதிர விரல் தெளிந்தது, அப்புறம் மெல்ல சுண்டுவிரல். அப்பாடா!

மரப்போடு பிடிமானமும் குறைந்தால் இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடச் சொன்னார் அந்தப் பிசியோதெரபிஸ்ட்.