வலையில் சிக்கிய ஆமை அசையவில்லையா? உடனே கடலில் தள்ளிவிடாதீர்கள்

பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமை) மீனல்ல, நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் நீர் குடித்து மயங்கிவிடும். படகுத் தளத்தில் கொட்டும்போது செத்ததுபோலவே கிடக்கும். ஆனால் பலவற்றுக்கு உயிர் இருக்கும். அப்படியே தூக்கிக் கடலில் போட்டால் மூழ்கிச் சாகும்.

செய்ய வேண்டியது: வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தைக் குறைந்தது அரை அடி உயர்த்தி வையுங்கள். பழைய டயரோ சுருட்டிய வலையோ போதும். பெரிய ஆமை என்றால் இன்னும் உயரம் வேண்டும். நுரையீரலில் புகுந்த நீர் அப்போதுதான் வடியும். மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்குவது பழைய பழக்கம். அது கெடுதல், வேண்டவே வேண்டாம். நிழலில் வைத்து, தலை, ஓடு, துடுப்புகள்மேல் ஈரத்துணி போடுங்கள். மூக்குத் துளையை மூடக் கூடாது. தண்ணீர்த் தொட்டியில் போடவும் கூடாது.

அவ்வப்போது இமையை மெல்லத் தொட்டோ வாலை லேசாகக் கிள்ளியோ பாருங்கள். சிறு துடிப்பே நல்ல அறிகுறி. நான்கு மணி நேரமாவது பொறுங்கள், தேவைப்பட்டால் 24 மணி நேரம்வரை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை இந்த ஆமைகள்தான். ஆகவே இந்தப் பொறுமை வீணல்ல.

நன்றாக அசைந்ததும், வலை நீரில் இல்லாதபோது, இன்ஜினை நியூட்ரலில் வைத்து, பின்தளத்திலிருந்து தலை முன்னோக்கி மெல்ல இறக்குங்கள். அது விலகிப் போன பிறகே படகை எடுங்கள்.