குளிர் நாட்டுத் திராட்சையில் ஒயின்: முதலில் புளிப்பை அளக்கப் பழகுங்கள்

அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் வீட்டுத் தோட்டத்தில் ஏறி நிற்பவை பெரும்பாலும் மார்க்கெட், ஃப்ரான்டெனாக் வகைக் கொடிகள். இரண்டும் மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய கலப்பினங்கள். ஃப்ரான்டெனாக் 1996இலும் மார்க்கெட் 2006இலும் வெளிவந்தன. ரைபேரியா என்ற அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வழிவந்தவை என்பதால் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரையும் தாங்கும். புளிப்பும் அந்த வழியில் வந்ததுதான். ஒயின் திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அமிலம் இருந்தால் நல்லது. மார்க்கெட்டில் 11, 12 கிராம் சர்வசாதாரணம், ஃப்ரான்டெனாக் 15ஐக்கூடத் தொடும். அதில் கணிசமான பங்கு மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுகிறதே, அதற்குக் காரணமான அமிலம்.

இங்கே சொல்வது 20 லிட்டர் சிவப்பு ஒயினுக்கான கணக்கு. மார்க்கெட் பழம் 35 கிலோ, 50 லிட்டர் வாளி ஒன்று, 20 லிட்டர் கார்பாய் (குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடுவை) ஒன்று வேண்டும். பாத்திரங்களைக் கிருமி நீக்குவதும் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத அடைப்பு) மாட்டுவதும் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றுக்குள் போகவில்லை.

பறிப்பு

சர்க்கரை 22 பிரிக்ஸை, அதாவது சாற்றில் ஏறத்தாழ 22 சதவீதத்தை, தொட்டதுமே கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். இந்த வகைகளில் சர்க்கரை முந்திக்கொள்ளும், புளிப்பு மெதுவாகத்தான் இறங்கும். பத்து நாள் கூடுதலாகக் கொடியில் விட்டால் பிறகு செய்ய வேண்டிய திருத்தம் கணிசமாகக் குறையும். பறவை வலை கட்டிவிட்டுக் காத்திருங்கள். விதை பழுப்பாகி, கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும். உறைபனி விழுந்து இலை கருகிவிட்டால் அதற்குமேல் பழுக்காது, உடனே பறித்துவிடலாம்.

அளவு: பலரும் சறுக்கும் இடம்

காம்பு நீக்கி நசுக்கியதும் சாற்றில் 5 மில்லி எடுத்து, 50 மில்லி வாலை வடிநீரில் கலக்குங்கள். 10 மில்லி சிரிஞ்சில் 0.1 நார்மல் (நார்மல் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) சோடியம் ஹைட்ராக்சைடை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாற்றின் அமிலம் முழுவதும் சமனாகும் முடிவுப் புள்ளி வந்ததும், செலவான மில்லியை 1.5ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் அமிலம் என்று டார்டாரிக் அமிலக் கணக்கில் கிடைக்கும். 8 மில்லி செலவானால் 12 கிராம்.

சிவப்புச் சாற்றில், நிறம் மாறி முடிவைக் காட்டும் ஃபினால்ஃப்தலீன் சொட்டுகளை நம்பாதீர்கள். பிஎச் (அமிலத்தின் வீரியத்தைக் காட்டும் எண், குறையக் குறைய வீரியம் அதிகம்) 7ஐ நெருங்கும்போதே சாறு பச்சை கலந்த சாம்பல் நிறமாகிவிடும். அதுதான் முடிவென்று நிறுத்தினால் அளவு குறைவாக வரும். ஆரம்பத்திலேயே ஒரு நல்ல பிஎச் மீட்டர் வாங்கிவிடுங்கள், அது 8.2 காட்டும்போது நிறுத்துங்கள். இந்த வேலையில் காசு செலவழிக்கத் தகுந்த ஒரே கருவி அதுதான் என்பேன்.

இன்னொரு கண்ணி சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டிலிலேயே இருக்கிறது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து வீரியம் குறையும். போன வருடப் பாட்டில் 0.085 நார்மலுக்கு இறங்கியிருந்தால், 8 மில்லி போதுமான சாற்றுக்கு 9.4 மில்லி போகும். 12 கிராம் புளிப்பு 14.1 என்று காட்டும். இல்லாத 2 கிராமுக்கு நீங்கள் மருந்து போடுவீர்கள், ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

இதைப் பிடிக்க ஐந்தே நிமிடம் போதும். திராட்சையின் முக்கிய அமிலமான டார்டாரிக் அமிலம் 0.75 கிராமை வாலை வடிநீரில் கரைத்து, சரியாக 100 மில்லிக்குக் கொண்டுவாருங்கள். அதில் 5 மில்லி எடுத்துச் சோதித்தால் சரியாக 5.0 மில்லி செலவாக வேண்டும். 5.9 ஆனால் பாட்டில் தளர்ந்துவிட்டது. புதிது வாங்குங்கள், அல்லது வரும் எண்ணை எல்லாம் 5.9ஆல் வகுத்து 5ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிஎச்சையும் தனியாகக் குறித்துவையுங்கள். இந்த வகைகளில் பொட்டாசியம் அதிகம் இருப்பதால், 12 கிராம் புளிப்போடு பிஎச் 3.4 இருப்பதும் உண்டு. புளிப்பு கூடினால் பிஎச் தானாகக் குறைந்திருக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

உப்பை உடனே போடாதீர்கள்

12ஐப் பார்த்துப் பதறி, புளிப்பைக் குறைக்கும் உப்பான பொட்டாசியம் பைகார்பனேட்டை முதல் நாளே கொட்டுவதுதான் பெரிய தவறு. ஒரு கிராம் புளிப்பு இறங்க லிட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம் பைகார்பனேட் வேண்டும். 12ஐ 7 ஆக்க 20 லிட்டருக்கு 90 கிராம் ஆகிறது. அது வெளியேற்றுவது டார்டாரிக் அமிலத்தைத்தான். மாலிக் அப்படியே உள்ளே நிற்கும். பிறகு பாக்டீரியா வந்து மாலிக்கையும் தின்றுவிட்டால் பிஎச் தலைதெறிக்க ஏறும், நிறம் மங்கும், கெடுக்கும் கிருமிகளுக்குக் கதவு திறக்கும். மாலிக்கை முதலில் உயிரிகளிடம் விடுங்கள், உப்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்காகவே பார்ப்போம். 12 கிராமில் மாலிக் 5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாலிக்கைத் தின்னும் ஈஸ்ட் அதில் 30 சதவீதத்தை எடுத்தால் 10.3 (டார்டாரிக் கணக்கில் 1 கிராம் மாலிக் 1.12 ஆகும்). மீதி மாலிக் முழுவதையும் பாக்டீரியா மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றினால் அதன் புளிப்பு பாதியாகி 8.3. குளிரில் டார்டாரிக் உப்பாகப் படிந்து இன்னொரு கிராம் போனால் 7.3. பைகார்பனேட் தேவைப்படாமலே முடிந்துவிடக்கூடும்.

நொதித்தல்

நசுக்கிய கூழில், கெடுக்கும் கிருமிகளை அடக்க, 30 பிபிஎம் (கிலோவுக்கு 30 மில்லிகிராம்) சல்ஃபர் டை ஆக்சைடு போதும். 35 கிலோவுக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் ஏறத்தாழ 1.8 கிராம். அதிகமாகப் போட்டால் பின்னால் வரவேண்டிய பாக்டீரியா கிளம்பச் சிரமப்படும்.

ஈஸ்ட்டில் என் தேர்வு லால்வின் 71பி. மாலிக்கில் 20 முதல் 40 சதவீதம்வரை தின்றுவிடும். இந்த அளவுக்கு 5 கிராம் பாக்கெட் இரண்டு. 100 மில்லி வெந்நீரில், 37 முதல் 40 டிகிரிக்குள், 15 நிமிடம் ஊறட்டும். கூழ் ஜில்லென்று இருந்தால் நேரே ஊற்றாமல் இரண்டு மூன்று கரண்டி கூழை ஈஸ்ட்டில் விட்டுச் சூட்டை இறக்குங்கள். வித்தியாசம் 10 டிகிரிக்குள் வரவேண்டும்.

மேலே எழும்பும் தோல் தொப்பியை நாளுக்கு மூன்று முறை அமுக்கிவிடுங்கள். 6 நாளில் பிழிந்துவிடலாம். பிழிந்த மறுநாளே கெட்டி மண்டியிலிருந்து வடித்துக் கார்பாய்க்கு மாற்றுங்கள். 71பி மண்டியில் நாள்கணக்கில் உட்கார்ந்தால் நாற்றம் பிடிக்கும்.

மாலோலாக்டிக்

மாலிக்கை லாக்டிக்காக மாற்றும் கட்டம் இது. சர்க்கரை தீர்ந்ததும் இந்த வேலையைச் செய்யும் ஈனோகாக்கஸ் பாக்டீரியாவைச் சேருங்கள். சூடு 20 முதல் 22 டிகிரி இருக்க வேண்டும். அக்டோபரில் நிலவறை 14 டிகிரிக்கு இறங்கிவிடும், பாக்டீரியா தூங்கிவிடும். கார்பாயைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டுங்கள். பிஎச் 3.2க்குக் கீழே இருந்தாலும் கிளம்பச் சிரமப்படும். அப்போது மட்டும் பைகார்பனேட் கொஞ்சம் போட்டு 3.25க்குக் கொண்டுவரலாம்.

குமிழி வருவதையோ நிற்பதையோ வைத்து முடிவு கட்டாதீர்கள். அமிலங்களைத் தாளில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் பேப்பர் குரோமட்டோகிராஃபி செய்யுங்கள். காய்ந்த நீலப் பச்சைத் தாளில் மாலிக்கின் மஞ்சள் புள்ளி மறைந்திருந்தால்தான் முடிந்தது. முடிந்ததும் 20 லிட்டருக்கு 1.7 கிராம் மெட்டாபைசல்ஃபைட், அதாவது 50 பிபிஎம்.

குளிரும் கடைசித் திருத்தமும்

குளிர் நாட்டில் இந்த வேலை இலவசம். சூடேற்றாத கொட்டகையில், 0 முதல் மைனஸ் 3 டிகிரிக்குள், மூன்று வாரம் வையுங்கள். மைனஸ் 5ஐத் தாண்டினால் ஒயின் உறைந்து கண்ணாடி வெடிக்கும், வெப்பமானியை அருகிலேயே தொங்கவிடுங்கள். அடியில் சீனிக்கற்கண்டுத் தூள் போலப் படியும் படிகம்தான் வெளியேறிய டார்டாரிக் உப்பு. குளிராக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். சூடேறினால் திரும்பக் கரையும்.

மீண்டும் புளிப்பை அளந்து பாருங்கள். இம்முறை மாதிரியைக் குலுக்கிக் குலுக்கி வாயுவை முதலில் விரட்டுங்கள், கரைந்த கார்பன் டை ஆக்சைடும் அமிலமாகவே கணக்கில் ஏறும். இன்னும் 8.5 காட்டினால் 100 மில்லி மாதிரியில் 0.09 கிராம் பைகார்பனேட் போட்டு ஒரு நாள் குளிரில் வைத்துச் சுவைத்துப் பாருங்கள். பிடித்தால் மட்டும் மொத்தத்துக்கும் போடுங்கள். கொஞ்சம் ஒயினில் கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கும். பிஎச் 3.6ஐத் தாண்டவிடாதீர்கள். பிறகு இன்னொரு முறை குளிரில் வைத்து வடித்துப் பாட்டிலில் அடைக்கலாம். கால்சியம் கார்பனேட் மலிவுதான், ஆனால் அதன் படிகம் மாதங்கள் கழித்துப் பாட்டிலுக்குள் விழும். பைகார்பனேட்டே மேல்.

பலர் கேட்கும் கேள்வி: இத்தனைக்குப் பிறகும் ஃப்ரான்டெனாக் புளித்தால் சர்க்கரை சேர்க்கலாமா? சேர்க்கலாம், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் நன்றாகவே ஈடுகட்டும். ஆனால் மறுபடி நொதிக்காமலிருக்க, ஈஸ்ட் பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் போட வேண்டிவரும். மாலோலாக்டிக் பாக்டீரியா ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயினில் சார்பேட் விழுந்தால், நசுக்கிய ஜெரேனியம் இலையின் வாடை வரும், அதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. இனிப்பு ஒயின்தான் நோக்கம் என்றால் பாக்டீரியாவைச் சேர்க்காமலே விட்டு, 71பியும் குளிரும் குறைக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.