கொழும்பில் சத்தம் குறைந்த தொடர்மாடி வீடு தேடுவது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் வேலைக்கும் படிப்புக்குமாகக் கொழும்புக்குப் போகிறவர்கள் வீடு தேடும்போது வாடகை, தண்ணீர், அலுவலகத்துக்கான தூரம் ஆகியவற்றை நன்றாக விசாரிக்கிறார்கள். சத்தத்தைப் பற்றி மட்டும் குடிபுகுந்த முதல் இரவில்தான் யோசிக்கிறார்கள். "வெள்ளவத்தை அமைதியா, தெஹிவளை அமைதியா?" என்று கேட்பதாலும் பெரிய பயன் இல்லை. ஒரே கட்டடத்தின் முன்பக்க அறையில் கண்ணயர முடியாமலும், பின்பக்க அறையில் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்கும்படியும் இருக்கலாம். ஆகவே, ஊரின் பெயரைக் காட்டிலும் படுக்கையறை யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

முதற்படி: உங்களால் தாங்க முடியாத சத்தம் எது என்று முடிவு செய்யுங்கள்

கல்லடியிலோ திருக்கோவிலிலோ கடலோரம் வளர்ந்தவர்களுக்கு அலையோசை ஒரு தொந்தரவே அல்ல. சீராகத் தொடரும் ஒலிக்குக் காது பழகிவிடும். தூக்கத்தைக் கலைப்பது இடையிடையே திடீரென எழும் ஹோர்னும் ரயிலும் நாய்க்குரைப்பும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 1999 ஆம் ஆண்டு வழிகாட்டி, இரவில் படுக்கையறைக்குள் சராசரி ஒலிக்கு 30 டெசிபல் என்றும், தனித்தனியே எழும் சத்தங்களுக்கு 45 டெசிபல் என்றும் இரு எல்லைகளை வேறுவேறாகக் குறித்திருப்பதும் இதனாலேயே.

இரண்டாம் படி: போவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

கூகுள் வரைபடத்தின் செய்மதிப் படத்தில் அந்தக் கட்டடத்தைத் தேடி, சுற்றியுள்ள பிரதான வீதி, ரயில் பாதை, பாடசாலை, வழிபாட்டிடம், திருமண மண்டபம், பஸ் தரிப்பிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையை எடுத்துக்கொண்டால், ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் மரைன் டிரைவும் அதையொட்டிக் கரையோர ரயில் பாதையும் ஓட, இவ்விரண்டுக்கும் இடையே ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்குகின்றன. கடற்காட்சிக்கு ஆசைப்பட்டு மரைன் டிரைவில் வீடெடுப்பவர்கள் அலையோடு ரயிலையும் சேர்த்தே வாடகைக்கு எடுக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல் மார்கழியில் குமுறுவது போல, அங்கே தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் இரையும் என்பதையும் நினைவில் வையுங்கள். என் தெரிவு, ஒழுங்கையின் நடுப்பகுதியில், இரு பக்கமும் வேறு கட்டடங்கள் மறைக்கும் வீடு.

மறைப்பு என்பதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓயாமல் வாகனம் ஓடும் வீதியிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினாலும், திறந்த வெளியில் ஏறத்தாழ 3 டெசிபல்தான் குறையும். இடையில் ஓர் உயர்ந்த கட்டடம் நின்றால் அதைவிட அதிகம் குறையும். மேல்தட்டுக்குப் போனால் சத்தம் கேட்காது என்று தரகர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். அயல் கூரைகளுக்கு மேலே எழுந்துவிட்ட தட்டிலிருந்து வீதி நேராகத் தெரிந்தால், அதன் சத்தமும் நேராகவே வந்து சேரும். அருகில் வெற்றுக் காணி இருந்தால் இன்னும் கவனம் தேவை. இன்று காற்றோட்டம் தரும் அந்தக் காணியில் நாளை அத்திவாரம் போடத் தொடங்கினால், மாதக்கணக்கில் பகல் தூக்கம் கிடையாது.

மூன்றாம் படி: சரியான நேரத்தில் போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் வீடு பார்க்காதீர்கள். அன்றைக்குக் கொழும்பு முழுவதுமே அமைதியான நகரம்தான். வேலை நாளில் பாடசாலை தொடங்கும் நேரத்தில் ஒருமுறையும், இரவு பத்து மணிக்குப் பின் ஒருமுறையும் அந்த ஒழுங்கையில் நில்லுங்கள். இரவு பஸ்ஸில் போய் விடியற்காலையில் இறங்குகிறவர்கள், நேரே அங்கே போனால் முதல் பஸ்களின் இரைச்சலையும் பாண் ஓட்டோவின் இசையையும் செலவில்லாமலே கேட்டுவிடலாம்.

நான்காம் படி: அறைக்குள் சோதியுங்கள்

வீட்டைக் காட்டுபவர் உள்ளே நுழைந்தவுடன் மின்விசிறியையோ ஏசியையோ போட்டுவிடுவார். மரியாதையாக அதை நிறுத்தச் சொல்லுங்கள். யன்னலை மூடி, படுக்கை போடப்போகும் இடத்தில் சில நிமிடங்கள் பேசாமல் நில்லுங்கள். பஸ் போகும்போது உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தால் அது அதிர்கிறதா என்று தெரியும். பிறகு யன்னல் சட்டத்தின் ஓரமாக விரலை ஓட்டிப் பாருங்கள், காற்று வருகிற இடுக்கு எதுவோ அதன் வழியாகவே சத்தமும் வருகிறது. கைத்தொலைபேசியின் ஒலிமானிச் செயலி துல்லியமானதன்று என்றாலும், இரண்டு அறைகளை ஒப்பிடப் போதும்.

கட்டடத்தின் சொந்தச் சத்தங்களையும் விட்டுவிடாதீர்கள். ஜெனரேட்டர் எந்த யன்னலுக்குக் கீழே இருக்கிறது, தண்ணீர் மோட்டர் எத்தனை மணிக்கு ஓடும், லிப்ட் உங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டியதா என்று காவலாளியிடம் கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவருக்கு இவை நன்றாகத் தெரியும். உச்சித் தட்டுக்கு மேலே தண்ணீர்த் தாங்கி இருந்தால் அது நிரம்பும் ஓசை உள்ளே கேட்கக்கூடும்.

ஐந்தாம் படி: முற்பணம் கொடுக்கும் முன் பேசுங்கள்

பக்கத்தில் கட்டட வேலை நடக்கப்போகிறதா என்று நேரடியாகக் கேட்பதோடு, உரிய முன்னறிவித்தலுடன் வெளியேறினால் மீதி முற்பணம் திருப்பித் தரப்படும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

குடிபுகுந்த பின் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தடித்த திரைச்சீலை அறைக்குள் எதிரொலிப்பதைக் குறைக்குமே தவிர, வெளிச்சத்தத்தை அதிகம் தடுக்காது. யன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டி ஒட்டுவதும் கதவடி இடைவெளியை அடைப்பதும் அதைவிட மலிவு, பலனும் கூடுதல். ஒலிபெருக்கிச் சத்தம் என்றால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதியை மட்டுப்படுத்தி உச்ச நீதிமன்றம் 2007 ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. முதலில் கட்டடத்தின் முகாமைத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பொலிஸின் 119 இலக்கத்துக்கு அழைக்கலாம்.