கொல்லையைச் சுத்தம் செய்ய ஆள் விடுகிறீர்களா? இராமநாதபுரம் கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் வருடத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகள் நிறைய. வீட்டுக்காரர் துபாயிலோ சென்னையிலோ இருப்பார். கல்யாணமோ பெருநாளோ நெருங்கினால் ஊருக்குப் போன் போட்டு, “யாரையாவது விட்டுக் கொல்லையைச் சுத்தம் பண்ணி வைப்பா” என்பார். இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் வெறுந்தரையின் படம் வரும், “முடிஞ்சிருச்சு காக்கா (அண்ணே)” என்ற குரலோடு. பணம் போய்ச் சேரும். கொல்லையில் கிடந்தது எங்கே போனது என்று கேட்பவர் மிகக் குறைவு. பெரிய தவறு இதுதான். மற்ற பல தவறுகள் இதன் கிளைகள்.

இங்கே குப்பை அள்ளும் வேலையை ‘நடைக்கு இவ்வளவு’ என்றுதான் பேசுகிறோம். டிராக்டரோ ‘குட்டியானை’ என்ற சின்ன சரக்கு வண்டியோ எதுவானாலும் அதே கணக்கு. நடைக்கணக்கு என்றால் பக்கத்திலேயே கொட்டுவதுதான் வண்டிக்காரருக்கு லாபம். டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம். அதனால் ஊருணிக்கு வரும் வரத்துக்காலிலோ ஓடையிலோ காயல் ஓரத்திலோ லோடு இறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வருடத்தை ஓட்டும் மாவட்டத்தில் வரத்துக்காலை அடைப்பது எவ்வளவு பெரிய கேடு! கடலோரத்தில் கொட்டினால் இன்னும் மோசம். பாக் நீரிணைப் பக்கம் வாடைக்காற்றுக் காலத்திலும், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களிலும் அலை ஏறி வந்து அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகள், பவளப்பாறைகள், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடல்புல் படுகைகள்.

எனவே கூலி பேசும்போதே முதல் கேள்வியாக, “எங்கண்ணே கொண்டு போய்க் கொட்டுவீங்க?” என்று கேட்டுவிடுங்கள். “அந்தா அந்தப் பக்கம்” என்று கையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நகராட்சி உரக்கிடங்கு, ஊராட்சி குப்பை பிரிக்கும் கொட்டகை, பழைய இரும்புக்கடை என்று இடத்தின் பெயர் வர வேண்டும். நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் நீங்களே ஒரு வார்த்தை கேட்டு, எதை வாங்குவார்கள், எதை வாங்க மாட்டார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். தூரம் கூடினால் கூலியும் கூடும். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொல்லைப் படத்தோடு லோடு இறக்கிய இடத்தின் படத்தையும் கேளுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எல்லாவற்றையும் ஒரே வண்டியில் வாரிப்போடுவது அடுத்த தவறு. மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயகரமான குப்பை என்று தனித்தனியாகப் பிரிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. பிரித்து வைத்தால் இரும்பும் அட்டையும் காசாகும். பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைக் குப்பையோடு அனுப்பாதீர்கள். புதியது வாங்கும் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். மீன்பிடிக் குடும்பங்களின் வீடுகளில் இன்னொரு குவியலும் இருக்கும்: கிழிந்த நைலான் வலை, கயிறு, உடைந்த தெர்மாகோல் பெட்டி. இதைத் தனியாகக் கட்டி அனுப்புங்கள். கடலுக்குள் போன வலைத்துண்டு மட்கவே மட்காது. ஆமையையும் மீனையும் சிக்க வைத்துக்கொண்டே கிடக்கும்.

இனி கருவை. நம் ஊரில் ‘கொல்லை சுத்தம்’ என்பதில் பாதி வேலை சீமைக்கருவேலத்தோடுதான். அதிகம் ஏமாறுவதும் இதில்தான். ஆள் வந்து அரிவாளால் தரைமட்டத்துக்கு வெட்டிவிட்டுப் போவார். இடம் பளிச்சென்று ஆகிவிடும். ஒரு மழை பெய்யட்டும்; வெட்டிய தூரைக் குனிந்து பாருங்கள். பட்டைக்கு அடியிலிருந்து பச்சையும் சிவப்புமாகத் தளிர்கள் சுற்றிலும் கிளம்பியிருக்கும். முன்பு ஒற்றைத் தண்டாக நின்றது இப்போது புதராகிவிடும். துளிர்க்கும் மொட்டுகள் தூரின் அடிப்பகுதியில், மண்ணுக்குள் இருக்கின்றன. ஓர் அடி ஆழமாவது தோண்டித் தூரோடு எடுத்தால்தான் வேலை முடியும். ஜேசிபி வைத்தாலும் பக்கெட்டால் மேலாக வழித்து விட்டுவிடுகிறாரா, தூரைப் பெயர்க்கிறாரா என்று ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நெற்று காய்ந்து உதிர்வதற்கு முன் வெட்டுவது நல்லது. ஆடு தின்று போடும் புழுக்கையிலிருந்தும் அந்த விதை முளைக்கும்.

கருவை விறகுக்கு விலை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரிமூட்டத்துக்குப் போகும் சரக்கு அது. விறகு யாருக்கு என்று முதலிலேயே பேசுங்கள். ஆட்களுக்கே என்றால் வெட்டுக்கூலி குறைய வேண்டும். இதைப் பேசாமல் விட்டுவிட்டு, கூலியும் கொடுத்து விறகையும் கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

ஜேசிபி மணிக்கணக்கில் ஓடுகிறது. மணி எங்கிருந்து ஆரம்பம், வந்து போகும் நேரம் சேருமா, டிரைவர் பேட்டா தனியா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

எதைத் தொடக்கூடாது என்று சொல்லாமல் ஆட்களை விட்டுவிடாதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. ‘மூலையில நிக்கிற பனையையும் சேர்த்துச் சாய்ச்சிரவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். விழுந்த தென்னை மரத்தை ஓரத்தில் உருட்டிவிட்டுப் போனாலும் விடாதீர்கள். மட்கும் தென்னந்தண்டுதான் காண்டாமிருக வண்டு பெருகும் இடம். கடலை ஒட்டிய மனையாக இருந்தால் மணல் மேட்டின் மீது மண்வெட்டியே படக்கூடாது. அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பார்வைக்குக் களையாகத் தெரியலாம். பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துபவை அவைதான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் 2011இலும் 2019இலும் மணல் மேடுகளைப் பாதுகாக்க வேண்டிய இடங்களாகவே வைத்திருக்கின்றன.

குப்பையைக் கொளுத்திவிட்டுப் போவதை வேலையின் பகுதியாகவே சிலர் நினைக்கிறார்கள். விதிப்படி அது குற்றம். கச்சான் காற்றில் ஒரு பொறி பறந்தால் அடுத்த வீட்டுக் கீற்றுக் கொட்டகையும் வலைக் கொட்டகையும் போய்விடும்.

வேலைக்கு வருகிறவர்களின் உயிரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நாள்பட்ட புதரிலும் ஓட்டுக் குவியலிலும் சுருட்டை விரியன் இருக்கும். பூட்ஸும் தடித்த கையுறையும் இல்லாமல் கையை விடச் சொல்லாதீர்கள். அவர்களிடம் இல்லையென்றால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். கருவை முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். ‘அப்படியே செப்டிக் டேங்க்கையும் பாத்துரு’ என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அங்கே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும், தூக்கப் போகிறவரையும் சேர்த்து. உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். உதவி எண் 14420.

கடைசியாகக் கூலி. முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்தபின் இழுத்தடிக்கவும் செய்யாதீர்கள். கருவை எடுத்த வேலை என்றால் மழை தொடங்கி மூன்று வாரம் கழித்து அதே ஆட்கள் ஒருமுறை வந்து, துளிர்த்த தூர்களைப் பார்த்துப் பிடுங்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் கூலியை இப்போதே தனியாகக் குறித்து வைத்து, அவர்கள் வரும் அன்று கையில் கொடுத்துவிடுங்கள்.