கேரமல் டீயை ருசி பார்ப்பது எப்படி? முதல் தடவை குடிப்பவர்களுக்கு

பாரீஸில் இருக்கும் சித்தப்பா மகன் ஆகஸ்ட் லீவில் புதுச்சேரி வந்தபோது ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் பக்கம் பல வீடுகளில் இது வழக்கம்தான். சென்ட், சாக்லேட், அதோடு இப்படி ஏதாவது ஒரு டப்பா. மூடியைத் திறந்ததும் பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. கேரமல் வாசனை ஏற்றிய பிளாக் டீ.

எனக்கு டீ என்றால் ஒரே ஒரு வழிதான் தெரியும். பாலும் தண்ணீரும் கலந்து அடுப்பில் வைத்தேன், தூளைப் போட்டேன், பொங்கப் பொங்கக் கொதிக்கவிட்டேன். தெருமுனை வரை மணந்தது. டம்ளரில் மட்டும் மணம் இல்லை. சர்க்கரை போடாமல் குடிக்கும் பெரியம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாடி இது, மோந்து பாத்தா கேக்கு, குடிச்சா கஷாயம்!"

இந்த வகை டீயின் சங்கதியே அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மூக்கு இனிப்பு என்கிறது, நாக்கு துவர்ப்பு என்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து, அப்புறம் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் ருசி பார்ப்பது. வனிலா, சாக்லேட், பாதாம் கேக் என்று எந்தப் பலகார வாசனை டீயாக இருந்தாலும் முறை இதேதான்.

முதலில் டப்பாவைப் படியுங்கள்

எங்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னவர் பெரியம்மா. அவர் பிரெஞ்சு வழியில் படித்தவர். 'தே நுவார்' என்றால் பிளாக் டீ. அதற்குப் பக்கத்தில் 'அரோம்' என்று இருந்தால் வாசனை சேர்த்தது என்று பொருள். ஐரோப்பிய விதிப்படி 'இயற்கை வனிலா வாசனை' என்று போட வேண்டுமானால், அந்த வாசனைப் பொருளில் குறைந்தது 95 சதவீதம் வனிலாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். வெறுமனே 'அரோம்' என்று இருந்தால் ஆய்வுக்கூடத்தில் செய்ததாகவும் இருக்கலாம். நம் ஊர் பாக்கெட்டுகளில் 'நேச்சர் ஐடென்டிகல்' என்று பார்த்திருப்பீர்கள். இயற்கையில் இருக்கும் அதே மூலக்கூறுதான், செய்த இடம்தான் வேறு. இதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கும் வனிலா ஐஸ்கிரீம்களில் பெரும்பாலும் அதுதான் மணக்கிறது.

கேரமல் துண்டுகள் சேர்த்த டீயாக இருந்தால் அதில் சர்க்கரை இருக்கும், சிலவற்றில் பாலும் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் இதைக் கவனியுங்கள். நீலமும் மஞ்சளுமாகப் பூவிதழ்கள் கிடந்தால் அவை கண்ணுக்குத்தான், நாக்குக்கு இல்லை.

என்ன வேண்டும்

உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் ஒரு பீங்கான் கோப்பை, மூட ஒரு தட்டு, வடிகட்டி, கிராம் காட்டும் சின்னத் தராசு. தராசை நான் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கினேன். தராசு இல்லையென்றால் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் இலை ஏறக்குறைய 2 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேரமல் துண்டு கனமானது. டப்பாவின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அளக்கும் முன் டப்பாவைப் படுக்கவைத்து நாலு தடவை உருட்டுங்கள்.

எவர்சில்வர் டம்ளர் கூடாது என்றில்லை. உதடு சுடும், நிறம் தெரியாது, அவ்வளவுதான். கோப்பையில் பாத்திரம் விளக்கும் சோப்பின் எலுமிச்சை வாசனை ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் மோந்து பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாக் கோப்பையிலும் இருந்தது. வெந்நீர் ஊற்றி இரண்டு தடவை அலசிய பிறகுதான் போனது.

தண்ணீரும் முக்கியம். கடலோரம் என்பதால் புதுச்சேரியிலும் கடலூரிலும் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்பும் கடினமும் உள்ள தண்ணீரில் டீ மங்கிப்போகும், மேலே ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும். கேன் தண்ணீர் போதும்.

நேரம்? காலையில் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. அடுப்பில் தாளிப்பு, பூஜை அறையில் ஊதுபத்தி, தலையில் மல்லிகைப்பூ, இந்த மூன்றும் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரம் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

ஒரு கரண்டி சர்க்கரையைக் கருக்குங்கள்

இதை யாரும் செய்யச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். பழைய குழிக்கரண்டியில் அரை ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை போட்டு மெல்லிய தீயில் காட்டுங்கள். உருகும், தேன் நிறம் வரும், அப்போது ஒரு வாசனை. இன்னும் கொஞ்சம் விட்டால் செம்மரக் கலர், வாசனையில் ஒரு கசப்பு ஏறும். அதற்கும் மேலே விட்டால் புகை. இந்த மூன்று கட்டத்தையும் மூக்கில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். (கரண்டியைத் தண்ணீரில் போடும்போது கை தள்ளியே இருக்கட்டும், சீறித் தெறிக்கும்.)

இப்போது டப்பாவை மோந்தால் 'நல்லா இருக்கு' என்பதோடு நிற்காமல், எந்தக் கட்டத்துக் கேரமல் என்று சொல்ல வரும். எங்களுடையது தேன் நிறத்துக் கட்டம், கூடவே வனிலா. பெரியம்மா கரண்டியையும் டப்பாவையும் மாற்றி மாற்றி மோந்து பார்த்துவிட்டு, கரண்டிதான் அசல் என்றார். நான் மறுக்கவில்லை.

போடும் முறை

டீ ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தர விதி 1980-ல் வந்தது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இதே மாதிரியான பிரிட்டிஷ் விதிக்கு 1999-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசுகூடக் கொடுத்தார்கள், டீ போட ஆறு பக்கமா என்று. அந்த 6 நிமிடம் இலையின் குறையெல்லாம் வெளியே வரட்டும் என்று வியாபாரத்துக்காக வைத்தது. நமக்கு வேண்டாம். 3 கிராம் இலை, 150 மில்லி தண்ணீர், 3 நிமிடம்.

முதலில் வெந்நீரை ஊற்றிக் கோப்பையைச் சூடாக்கி, கொட்டிவிட்டு, ஈரம் துடைத்து இலையைப் போட்டு மூடுங்கள். அரை நிமிடம் கழித்து மூடியை லேசாகத் தூக்கி மோந்து பாருங்கள். குளிர்ந்த டப்பாவில் வராத வாசனை இந்தச் சூட்டில் வரும்.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, சத்தம் அடங்கியதும் இலை மேல் ஊற்றி மூடிவிடுங்கள். மூடுவது கட்டாயம். வாசனைப் பொருள்கள் ஆவியோடு ஆவியாக எழும்பிப் போகிறவை. முதல் நாள் நான் கொதிக்கவிட்டபோது தெரு மணந்து டம்ளர் மணக்காததன் காரணம் அதுதான். 3 நிமிடம் ஆனதும் இன்னொரு கோப்பையில் வடிகட்டிவிடுங்கள். இலையைத் தூக்கிப் போடாதீர்கள், வேலை இருக்கிறது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடியுங்கள்

கொஞ்சம் ஆறட்டும். சுடச்சுடக் குடித்தால் நாக்குக்குச் சூடு மட்டும்தான் தெரியும்.

இப்போது மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு வாயில் எடுத்து, நாக்கில் உருட்டுங்கள். கேரமல் எங்கேயும் இருக்காது. கசப்பு கொஞ்சம், துவர்ப்பு நிறைய, சூடு. விழுங்கிய கையோடு மூக்கை விடுங்கள். பாகு வாசனை தொண்டைக்குள்ளிருந்து மேலே ஏறி வரும். புரையேறும்போது தண்ணீர் மூக்கில் வருகிறதே, அதே வழியில்தான். இந்த டீயில் 'இனிப்பு' என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அந்த வழியாக வருகிற வாசனை. நாக்கில் இருப்பது வேறு.

இதைச் செய்துகாட்டியபோது பெரியம்மா மூக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். "அட, ஸ்விட்ச் போட்ட மாதிரி வருதுடி" என்றார். பாதிக் கோப்பை இப்படியே தீர்ந்தது.

அடுத்த மடக்கை உறிஞ்சிக் குடியுங்கள். சத்தம் வரலாம், வரணும். காற்றோடு சேர்ந்து உறிஞ்சினால் டீ சிதறி வாய் முழுக்கப் படும், வாசனையும் மூக்குக்கு ஏறும். டீ கம்பெனிகளில் ருசி பார்ப்பவர்களும் இப்படித்தான் சர்ரென்று உறிஞ்சித் துப்புகிறார்கள்.

என்ன எழுதுவது

ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினால் போதும். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, அறுசுவையில் துவர்ப்புக்குத் தனிப் பெயரே இருக்கிறது. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பாகற்காய் நாக்கில் தருவது கசப்பு. நாவற்பழம் தின்ற பிறகு வாய் வறண்டு இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருப்பது துவர்ப்பு. டீயில் துவர்ப்பு அளவாக இருந்தால் அது குறை இல்லை, முதுகெலும்பு. அது இல்லாத கேரமல் டீ வாசனை போட்ட வெந்நீர். கசப்பு மேலே நின்றால் நேரம் கூடிவிட்டது அல்லது இலை மட்டம்.

ஆறவிட்டு ஒரு தரம்

பாதியை வைத்துவிட்டு கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். சூடு குறைந்தால் எழும்பும் வாசனையும் குறையும், அப்போது அடியில் இருக்கும் டீ பேசும். வாசனை மட்டுமே பலமான கலவை இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். மருந்து சிரப் மாதிரி ஒரு பின்சுவை வரும். கெட்டியான டீ ஆறும்போது கலங்கினால் பயப்படாதீர்கள். டீயில் இருக்கும் பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருளும் கஃபீனும் சேர்ந்து செய்யும் வேலை அது, கெட்டுப்போனதால் வருவது இல்லை.

வைத்திருந்த இலை மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் விடுங்கள். ஏற்றிய வாசனையில் பெரும்பகுதி முதல் தண்ணீரிலேயே போயிருக்கும். இரண்டாம் தண்ணீரில் வேஷம் கலைந்த டீ நிற்கும். எங்கள் டப்பாவில் நின்றது பரவாயில்லை ரகம். மெல்லியது, கொஞ்சம் மரவாசனை. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை (தூளாக நொறுக்காமல் இலையாகவே உருட்டிச் செய்தது) ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் குடித்தபோது நம் நீலகிரி இலைதான் ஜெயித்தது என்பது என் கணக்கு.

சர்க்கரையும் பாலும்

இதற்கெல்லாம் பிறகு தாராளமாகச் சேர்க்கலாம். முதலில் கால் ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரைக்குச் சொந்த மணம் உண்டு, கேரமலோடு முட்டும். வெள்ளைச் சர்க்கரை போட்டால் மூக்கு சொன்னதை நாக்கும் சொல்ல ஆரம்பிக்கும், கால் ஸ்பூனே அரை ஸ்பூன் மாதிரி தெரியும். பால் என்றால் ஒரு டீஸ்பூன், காய்ச்சி ஆறியது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் இழுப்பு குறையும். நான் எங்கள் ஊர் பாண்லே பால் ஒரு ஸ்பூன் விட்டேன், கிரீம் கேரமல் புட்டிங் மாதிரியே ஆனது. இரண்டாவது ஸ்பூனில் பால்தான் ஜெயித்தது.

டப்பாவை எங்கே வைப்பது

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். மல்லிகை டீ செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான், பூவையும் இலையையும் சேர்த்து வைத்து. இது தெரிந்தும் நான் டப்பாவை மூடி சரியாக அழுத்தாமல் அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரியில் வைத்தேன், பக்கத்தில் பெருங்காய டப்பா. மூன்று வாரம் கழித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, பிறகு மூக்கை விட்டபோது தொண்டையிலிருந்து ரசம் ஏறி வந்தது.

மிச்சம் இருந்ததை இப்போது இறுக்கமான மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு, படுக்கையறை அலமாரியில் புடவைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வருகிறார், கேரமல் டீ கேட்பார்.